வீட்டிலிருந்து கற்போரும் ஊர்ப்புற நூலகமும்

முன்னுரை

கல்வி கற்குமிடம் எது என்று வினவினால் பள்ளிக்கூடம் என்பதே எல்லாரும் கூறும் விடையாக இருக்கும். ஆயினும், பள்ளியின் வாயிலைக் கடந்து இடையிலேயே வெளியேறிவிட்டவர்களுக்கும், அவ்வாயிலை மிதிக்கவே வாய்ப்புப் பெறாதவர்களுக்கும் கல்வி எங்கே கிடைக்கும் என்ற வினாவை நாம் அடிக்கடி எழுப்புவதில்லை. அவர்களுக்கு வீடே பள்ளி. கிடைக்கின்ற நூலே ஆசிரியர். அந்நூல் கிடைக்கக்கூடிய பொது இடம் ஊர் நூலகம் ஒன்றே. அங்கு அவர்களுக்கேற்ற நூல்கள் எவ்வாறு அமைய வேண்டும், அவற்றைச் சேர்ப்பதற்கு நாம் எவ்வாறு துணை நிற்கலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இராசபாளையம் வட்டத்துத் தளவாய்புரத்தையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் மனத்திற்கொண்டு இதனைக் காண்போம்.

வீட்டுவழிக் கல்வி யாருக்கு உரியது?

மேலைநாடுகளில் வீட்டுவழிக் கல்வி என்பது பெற்றோர் தாமே விரும்பித் தேர்ந்துகொள்ளும் ஒரு முறை. அமெரிக்காவில் ஜான் ஹோல்ட் என்னும் கல்வியாளர் 1977ஆம் ஆண்டு இதற்கெனவே ஓர் இதழைத் தொடங்கி நடத்தினார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பயிற்றுவிக்கும் குடும்பங்களை அவ்விதழ் ஒன்றிணைத்தது. இன்று அந்நாட்டுப் பொதுநூலகங்கள் பலவற்றில் இத்தகைய குடும்பங்களுக்கெனத் தனி நூலடுக்குகள் உள்ளன.

நம் நாட்டு நிலை வேறு. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளை அருகமைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமையாக அச்சட்டம் கூறுகிறது. ஆகவே அவ்வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளியே முதலிடம் என்பதில் ஐயமில்லை. பள்ளிக்கு மாற்றாக வீட்டை நிறுத்த வேண்டும் என்பது நம் கருத்தன்று.

ஆயினும் வீட்டிலிருந்து கற்போர் நம்மிடையே இலர் என்று கூறிவிட முடியாது. அவர்களை நால்வகையினராகப் பகுத்துக் காணலாம்.

முதல் வகையினர், எட்டாம் வகுப்போடோ பத்தாம் வகுப்போடோ படிப்பை நிறுத்திவிட்டுப் பின்னர்த் தனித்தேர்வராகத் தேர்வெழுத விரும்புவோர். இரண்டாம் வகையினர், கடுமையான உடற்குறைபாடு காரணமாகப் பள்ளி செல்ல இயலாத பிள்ளைகள். இவர்கள் வீட்டிலிருந்தே கல்வி பெறலாம் என்று 2012ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் வழிவகுத்துள்ளது. மூன்றாம் வகையினர், அகவை முதிர்ந்தபின் எழுத்தறிந்தவர்கள். அறிந்த எழுத்தை மறந்துவிடாமல் காத்துக்கொள்ள வேண்டியவர்கள். நான்காம் வகையினர், பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் வீட்டில் பாடம் சொல்லித் தரும் தாய்மார்கள். 2020ஆம் ஆண்டு கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்ட காலத்தில் இந்த நான்காம் வகையினர் எத்துணைப் பெருஞ்சுமையைத் தாங்கினர் என்பதை நாடே கண்டது. அக்கற்றல் இழப்பை ஈடுசெய்யவே 2021 அக்டோபரில் தமிழக அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கிற்று.

இந்நால்வருக்கும் தேவைப்படும் நூல்கள் ஒரே வகையின அல்ல. இவ்வேறுபாட்டை உணர்ந்து நூல் சேர்ப்பதே உதவி செய்வோரின் முதற்கடமையாகும்.

நம் மரபில் வீட்டுக் கல்வி

வீட்டிலிருந்து கற்றல் தமிழர்க்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளிகள் பெயருக்கேற்ப வீட்டுத் திண்ணையில்தான் நடைபெற்றன. கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்தடுத்து அதிகாரம் வகுத்த வள்ளுவர், அவற்றை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்தார். முறையாகக் கல்லாதவர்க்கும் அறிவு பெற வழியுண்டு என்னும் எண்ணம் அவ்வைப்பு முறையிலேயே அமைந்திருக்கிறது.

தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் இம்மரபு தனித்த ஒரு வடிவம் கொண்டிருந்தது. அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் நூல்கள் வீடுதோறும் ஓதப்பட்டன. கீழக்கரையில் வாழ்ந்த இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்களின் அரபுத்தமிழ் நூல்கள் இவ்வகையில் பெரும்பணி ஆற்றின. வீட்டை விட்டு வெளியே சென்று பயிலாத பெண்களும் இவற்றின் வாயிலாக எழுத்தறிவு பெற்றனர். நூல் வீட்டிற்குள் வந்தமையால் கல்வியும் வீட்டிற்குள் வந்தது என்பதை இங்கு நாம் கருத வேண்டும்.

நாகூரில் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் (1917-1998) பள்ளியில் பயின்றது மூன்றாம் வகுப்பு வரையே. எஞ்சிய கல்வி அனைத்தும் அவர் தாமே தேடிக்கொண்டது. 1938ஆம் ஆண்டில் அவரது ‘காதலா? கடமையா?’ என்னும் நாவல் வெளிவந்தது. உ. வே. சாமிநாதையர் அவர்களின் பாராட்டுரை அந்நூலுக்குக் கிடைத்தது என்றால், மூன்றாம் வகுப்பைக் கடந்து அவ்வம்மையார் எவ்வளவு தொலைவு சென்றிருந்தார் என்பதை உணரலாம்.

நம் கரிசல் மண்ணுக்கே வருவோம். இடைசெவல் தந்த கி. ராஜநாராயணன் (1923-2021) பள்ளிப் படிப்பை முடித்தவர் அல்லர். அவரே 1991ஆம் ஆண்டுச் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றார். புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பொறுப்பிலும் அமர்ந்தார்.

மற்றோர் எடுத்துக்காட்டு நூலகத்தோடு நேரடித் தொடர்புடையது. துவரங்குறிச்சியில் 1968இல் பிறந்த கவிஞர் சல்மாவின் பள்ளிப் படிப்பு, பெண்பிள்ளை வயதுக்கு வந்துவிட்டாள் என்ற காரணத்தால் பதின்மூன்றாம் வயதளவில் நின்றது. ஊர் நூலகத்து நூல்களே அவரது வாசிப்புக்கு அடித்தளம் ஆயின. பின்னாளில் பேரூராட்சித் தலைவராகவும், 2025 முதல் மாநிலங்களவை உறுப்பினராகவும் அவர் உயர்ந்தார். அவருடைய எழுத்தில் உள்ள கருத்துகளை ஏற்போரும் உண்டு, மறுப்போரும் உண்டு. ஆனால் ஒரு சிற்றூர் நூலகம் ஒரு பெண்ணுக்குப் பள்ளியாக நின்றது என்னும் உண்மையை யாரும் மறுத்தல் இயலாது.

இவர்கள் யாவரும் விதிவிலக்கான ஆற்றல் பெற்றவர்கள். அத்தகைய ஆற்றல் இல்லாத எளிய பெண் ஒருத்தி, கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு நூலைக் கொண்டு தானே வழிகண்டு முன்னேறுவாள் என்று எதிர்பார்த்தல் முறையாகாது. அவளுக்குப் படிப்படியாக அடுக்கப்பட்ட நூல்கள் வேண்டும்.

தளவாய்புரத்தின் நிலை

தளவாய் என்பது நாயக்கர் காலப் படைத்தலைவரைக் குறிக்கும் பட்டம். அப்பெயர் தாங்கிய இவ்வூர் இராசபாளையத்துக்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் நிழலில் அமைந்துள்ளது. இராசபாளையத்துக்கு நூற்பாலைகளும், சத்திரப்பட்டிக்கு மருத்துவத் துணி நெசவும், திருவில்லிபுத்தூருக்குப் பால்கோவாவும் பெயர் தந்ததுபோல், தளவாய்புரத்துக்கும் அதன் அண்டையிலுள்ள செட்டியார்பட்டி, முகவூர் ஆகிய ஊர்களுக்கும் நைட்டி தைக்கும் தொழில் பெயர் தந்துள்ளது. இங்குத் தைக்கப்படும் ஆடைகள் பிற மாநிலங்களுக்கும் செல்கின்றன.

இத்தொழிலின் இயல்பு நம் பொருளோடு நெருங்கிய தொடர்புடையது. வெட்டிய துணிகளை வீட்டிற்குக் கொண்டுவந்து தைத்துக் கொடுத்து, பீஸ் ரேட் எனப்படும் உருப்படிக் கூலியைப் பெறும் பெண்கள் பலர். வீட்டு வேலைக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் இடையில் தையல் எந்திரத்தின் முன் அமர்பவர்கள் இவர்கள். கையில் வரும் கூலி குடும்பத்துக்குப் பெருந்துணை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அக்கூலியே, படிப்பை நிறுத்திய பெண்ணை மீண்டும் படிப்பின் பக்கம் திரும்பாமல் தடுத்துவிடுவதும் உண்டு. எட்டாம் வகுப்போடு நின்ற பெண்ணுக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லையெனில், செவிலியர் உதவியாளர் பயிற்சி, தொழிற்பயிற்சி நிலையப் படிப்புகள் பல, அரசுத் தேர்வுகள் பல என வாயில்கள் அடைபட்டுவிடுகின்றன.

இவளைப் பள்ளி வகுப்பறைக்குத் திரும்ப அழைத்துச் செல்வது எளிதன்று. வேலையை விட்டுவிட்டுப் பயிற்சி நிலையம் செல்லுதலும் இயலாது. எந்திரத்தின் அருகிலேயே ஒரு நூலைத் திறந்துவைத்துக்கொள்ளுதல் மட்டும் இயலும். இங்கேதான் ஊர் நூலகத்தின் பொறுப்புத் தொடங்குகிறது.

நூலகம் நம் உடைமை

நூலகத்துக்கு நூல் தருவதை அறக்கொடையாகவே பலர் கருதுகின்றனர். அவ்வாறு கருதும் முன் பொதுநூலகம் யாருடையது என்பதைத் தெளிதல் வேண்டும்.

விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொதுநூலகச் சட்டம் இயற்றிய பெருமை சென்னை மாகாணத்துக்கு உரியது. 1948ஆம் ஆண்டில் தி. சு. அவினாசிலிங்கம் அவர்கள் கல்வி அமைச்சராக இருந்தபோது அச்சட்டம் நிறைவேறிற்று. அதற்கு அடிகோலியவர் சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் அவர்கள். கணிதப் பேராசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆன அவர், 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். நூல்கள் பயன்பாட்டுக்கு உரியன. ஒவ்வொரு வாசகருக்கும் ஏற்ற நூலும் ஒவ்வொரு நூலுக்கும் ஏற்ற வாசகரும் உண்டு. வாசகரின் நேரத்தைக் காத்தல் வேண்டும். நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்பனவே அவ்விதிகளின் சாரம்.

அதே 1931ஆம் ஆண்டு அக்டோபரில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்து ஒரு மாட்டுவண்டி புறப்பட்டது. ஓய்வு பெற்ற பொறியாளரான கனகசபைப் பிள்ளை அமைத்த அவ்வண்டியில் நூல்கள் அடுக்கப்பட்டிருந்தன. அரங்கநாதன் அவர்களே தொடங்கிவைத்த அந்நடமாடும் நூலகம் ஊர் ஊராகச் சென்று நூல்களை வழங்கிற்று. வாசகர் வர இயலாவிடின் நூல் செல்ல வேண்டும் என்னும் கொள்கை நம் மண்ணில் அவ்வளவு பழமையானது.

நூலகச் சட்டத்தின்படி வீட்டுவரியோடு நூலக வரியும் நம்மிடம் வாங்கப்படுகிறது. சொத்து வரியில் ரூபாய்க்குப் 10 பைசா வீதம் உள்ளாட்சி அமைப்புகள் இதனைத் திரட்டுகின்றன. மாவட்ட நூலக ஆணைக்குழுவின் நிதிக்கு இதுவே முதன்மை ஆதாரம். ஓலைவேய்ந்த வீட்டுக்காரரும் மாடிவீட்டுக்காரரும் தத்தம் அளவில் வரி செலுத்தி நடத்தும் நிறுவனம் அது. ஆதலின், தையல் வேலை செய்யும் பெண்ணின் தேவையை நூலகத்தில் எடுத்துரைப்பது சலுகை கேட்பது ஆகாது. அவளது உரிமையை நினைவூட்டுவதே ஆகும்.

கிளை நூலகங்களுக்கான நூல்களில் பெரும்பகுதி மாநில அளவில் தேர்ந்தெடுக்கப்பட்டு அனுப்பப்படுவதாகும். ஓர் ஊரின் தனித்தேவையைத் தொலைவிலிருந்து தேர்வு செய்வோர் முழுமையாக அறிதல் அரிது. அவ்விடைவெளியை நிரப்புவதற்கே புரவலர் திட்டமும் வாசகர் வட்டமும் உள்ளன. 1,000 ரூபாய் செலுத்தி எவரும் நூலகப் புரவலர் ஆகலாம். வாசகர் வட்டம் என்பது அவ்வூர் வாசகர்கள் நூலகரோடு இணைந்து செயற்படும் அமைப்பு. இவ்விரண்டின் வழியே ஊரார் நூலகத்தின் வளர்ச்சியில் முறைப்படி பங்கு கொள்ளலாம்.

அடுக்கில் இருக்க வேண்டிய நூல்கள்

நூலகங்களில் நூல்கள் பொருள்வாரியாகப் பகுக்கப்படுகின்றன. அறிவியல் ஓரிடத்திலும் வரலாறு வேறிடத்திலும் இலக்கியம் மற்றோரிடத்திலும் இருக்கும். ஆராய்ச்சியாளருக்கு இது பெருநன்மை. ஆனால் தானே பத்தாம் வகுப்புக்குப் படிக்கும் ஒருவருக்கு ஐந்து பாடங்களும் ஐந்து திசைகளில் சிதறிக் கிடப்பது போலாகும். ஆகவே வீட்டிலிருந்து கற்போருக்கெனத் தனி அடுக்கு ஒன்று வேண்டும். அவ்வடுக்கைப் படிநிலை வாரியாக அமைத்தல் வேண்டும். தமிழகப் பள்ளிக் கல்வித்துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் சிறுநூல்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளாக வகுத்தனர். அப்பெயர்களின் எளிமை இங்கும் வழிகாட்டும்.

முதற்படி, எழுத்தைக் கூட்டிப் படிப்போருக்கு உரியது. பெரிய எழுத்தும் படங்களும் கொண்ட, ஒரே அமர்வில் படித்து முடிக்கத்தக்க சிறுநூல்கள் இதில் இடம்பெறும். 1957இல் தொடங்கப்பட்ட நேஷனல் புக் டிரஸ்டின் சிறுவர் நூல்கள், சென்னைத் தூலிகா பதிப்பகத்தின் நூல்கள், பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் குறைந்த விலை நூல்கள் ஆகியன தமிழில் கிடைக்கின்றன. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 முதல் இணையத்தில் கட்டணமின்றியும் கதைகளை வழங்குகிறது. 1990களின் அறிவொளி இயக்கம் நமக்குக் கற்பித்த பாடம் ஒன்றுண்டு. எழுத்தறிவித்தல் முதல் வேலை; எழுத்தறிந்தவர் தொடர்ந்து படிப்பதற்கு எளிய நூல்களைக் கையில் கொடுத்தல் அதனினும் பெரிய வேலை. இரண்டாவது நடவாவிடின் முதலாவது கரைந்துபோகும். முதியவர்களுக்கு முயல் கதையும் நரி கதையும் மட்டும் தருதல் பொருந்தாது. உடல்நலம், வங்கிக் கணக்கு, ஊராட்சி நடைமுறை பற்றிய எளிய நூல்களும் இப்படியில் வேண்டும்.

இரண்டாம் படி, எட்டாம் வகுப்புத் தேர்வுக்கு உரியது. பன்னிரண்டரை வயது நிறைந்தவர்கள் தனித்தேர்வராக இதனை எழுதலாம். ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புப் பாடநூல்களும் ஒருங்கே இருத்தல் இன்றியமையாதது. எட்டாம் வகுப்பு நூலை மட்டும் வைத்தால், கணக்கில் பின்னம் புரியாதவர் இயற்கணிதத்தில் தடுக்கி விழுவார்.

மூன்றாம் படி, பத்தாம் வகுப்புக்கு உரியது. பதினான்கரை வயது நிறைந்து எட்டாம் வகுப்புத் தேறியவர்கள் இதனை நேரடியாக எழுத வழியுண்டு. பாடநூல்கள், முந்தைய ஆண்டு வினாத்தாள்கள், விளக்கவுரை நூல்கள் ஆகிய மூன்றும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஆசிரியர் இல்லாத இடத்தில் விடை மட்டும் தரும் நூல் பயன்படாது. கணக்கின் ஒவ்வொரு படியையும் விளக்கிக் காட்டும் நூலே வேண்டும். தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவும் பத்தாம் வகுப்பை முடிக்கலாம். 1989இல் தனி நிறுவனமாக்கப்பட்டு, 2002இல் இன்றைய பெயரைப் பெற்ற அந்நிறுவனத்தில் ஒவ்வொரு பாடமாகவும் தேறலாம். ஐந்தாண்டுகள் வரை வாய்ப்பு உண்டு. வேலை செய்துகொண்டே படிப்போருக்கு இது பெரிதும் ஏற்றது. அதன் பாடநூல்கள் வேறு, மாநிலப் பாடநூல்கள் வேறு என்பதை அடுக்கிலேயே எழுதி ஒட்டுதல் நன்று.

நான்காம் படி, துணைநூல்களுக்கு உரியது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி போன்ற நல்ல அகராதி ஒன்றும், ஆங்கிலம்-தமிழ் அகராதி ஒன்றும், நிலப்படத் தொகுதி ஒன்றும் கட்டாயம் வேண்டும். பெரியசாமித் தூரன் அவர்களைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்த பத்துத் தொகுதிக் குழந்தைகள் கலைக்களஞ்சியம் பழமையானதாயினும் எளிய தமிழில் பொருள் விளக்கும் திறத்துக்கு இன்றும் எடுத்துக்காட்டாகும். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ இதழ் சிறுவர்க்கு அறிவியலைச் செய்துபார்க்கும் ஆர்வத்தைத் தருவது.

ஐந்தாம் படி, கற்பிப்போருக்கு உரியது. கிஜுபாய் பதேகாவின் ‘பகல் கனவு’, டெட்சுகோ குரோயாநாகியின் ‘டோட்டோ-சான்’ ஆகியவற்றின் தமிழ் மொழிபெயர்ப்புகள் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தரும் தாய்க்குப் பெருந்துணை. இரயில் பெட்டிகளையே வகுப்பறையாகவும் நூலகமாகவும் கொண்ட ஜப்பானியப் பள்ளி ஒன்றை இரண்டாவது நூல் காட்டுகிறது. அடித்தும் அதட்டியும் படிக்கவைத்தலே வழி என்று எண்ணும் பெற்றோரை இந்நூல்கள் சிந்திக்கச் செய்யும்.

இவற்றோடு ஊரின் தொழிலுக்குரிய நூல்களையும் சேர்த்தல் தகும். துணியளவு, உருப்படிக் கணக்கு, சிறுதொழில் பதிவு, வரி, வங்கிக் கடன் பற்றிய எளிய நூல்கள் தளவாய்புரம் போன்ற ஊருக்கு மிகவும் வேண்டப்படுவன. ஒரு தான் துணியில் எத்தனை உருப்படிகள் வெட்டலாம், எவ்வளவு துணி கழிவாகும் என்று நாள்தோறும் மனக்கணக்காகப் போடும் பெண்ணுக்கு விழுக்காடு என்னும் பாடம் அயலானதன்று. அவள் அறிந்த கணக்கிலிருந்து அறியாத கணக்குக்கு அழைத்துச் செல்லும் நூலைத் தருவதே பயன்.

கொடுப்போர் கவனத்திற்கு

நல்லெண்ணத்தோடு தரப்படும் நூல்கள் பல நேரங்களில் நூலகத்துக்குச் சுமையாகிவிடுகின்றன. வீட்டைத் துப்புரவு செய்யும்போது எஞ்சியவற்றைக் கட்டி நூலகத்தில் இறக்கிவிடுதல் உதவியாகாது. கீழ்க்காணும் செய்திகளை மனங்கொள்ளுதல் நலம்.

1. முதலில் நூலகரைக் கண்டு, எத்தகைய வாசகர் வருகின்றனர், எந்நூலைக் கேட்டு இல்லாமல் திரும்புகின்றனர் என்பதைக் கேட்டறிதல் வேண்டும். நூல் வாங்குவதற்கு முன் தேவைப் பட்டியல் அமைய வேண்டும்.

2. பாடநூலாயின் பாடத்திட்டத்தின் ஆண்டைப் பார்த்தல் வேண்டும். தமிழகத்தில் 2018-19ஆம் கல்வியாண்டு முதல் பாடநூல்கள் படிப்படியாக மாற்றப்பட்டன. அதற்கு முற்பட்ட பாடநூலை நம்பித் தேர்வுக்குப் படிப்பவர் ஓர் ஆண்டு உழைப்பை இழந்துவிடுவார். வகுப்பறையில் இருப்பவருக்கு ஆசிரியர் சொல்லித் திருத்துவார். வீட்டில் தனித்துப் படிப்பவருக்குச் சொல்வார் யாருமில்லை.

3. தொகுதியாக உள்ளவற்றை முழுமையாகத் தருதல் வேண்டும். இரண்டாம் தொகுதி இல்லாத கணக்கு நூல் பாதிப் பாலம் போன்றது.

4. ஒவ்வொரு பாடநூலிலும் குறைந்தது இரு படிகள் வேண்டும். ஒன்று நூலகத்திலேயே இருக்கட்டும். மற்றொன்று வீட்டுக்குச் செல்லட்டும். ஆண்டு முழுதும் தேவைப்படும் பாடநூலைக் குறுகிய தவணையில் திருப்பிவிட வேண்டுமெனில் கற்போர் துன்புறுவர். இதுபற்றி நூலகரோடும் மாவட்ட நூலக அலுவலகத்தோடும் முன்னரே பேசிக்கொள்ளுதல் நன்று.

5. கொடுக்கும் நூல்கள் நூலகப் பதிவேட்டில் முறையாகப் பதியப்பெற வேண்டும். பதியப்படாத நூலுக்குக் காப்பாளர் இலர். நாளடைவில் அது காணாமற்போகும்.

6. ஆண்டுக்கு ஒருமுறை அடுக்கைப் பார்வையிட்டுக் காலங்கடந்த நூல்களை நீக்கப் பரிந்துரைத்தல் வேண்டும். நீக்குவதும் சேர்ப்பதைப் போன்றே பயனுடைய பணி.

நூல் கையைச் சென்றடைதல்

அடுக்கு நிறைந்துவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுதல் கூடாது. நூலகத்தின் வாயிலில் நாளிதழ் படிக்கும் ஆடவர் நிறைந்திருக்கும் ஊரில், இளம்பெண் ஒருத்தி தனியே உள்ளே வந்து நூலைத் தேடித் தயங்காமல் எடுத்துச் செல்லுவாள் என்று எதிர்பார்க்க இயலாது. இத்தயக்கத்தைக் குறை கூறுவதால் பயனில்லை. வழி காண வேண்டும். வாரத்தில் ஒருநாள் பிற்பகலைப் பெண்களுக்கென ஒதுக்குமாறு வாசகர் வட்டத்தினர் வேண்டலாம். குடும்பத்தில் ஒருவர் பெயரில் உறுப்பினர் அட்டை இருப்பதோடு நில்லாமல், பெண்ணின் பெயரிலேயே தனி அட்டை எடுத்துத் தருதல் வேண்டும். தன் பெயர் எழுதிய அட்டை கையிலிருப்பது ஒரு துணிவு.

தமிழகப் பொதுநூலகத்துறை 2022இல் தொடங்கிய நூலக நண்பர்கள் திட்டத்தின்படி, நூலகத்துக்கு வர இயலாதவர்களின் இல்லங்களுக்குத் தன்னார்வலர்கள் நூல்களைக் கொண்டுசெல்கின்றனர். மேலவாசல் மாட்டுவண்டியின் வழித்தோன்றல் என்றே இத்திட்டத்தைக் கூறலாம். உடற்குறைபாடுடைய பிள்ளைகள் உள்ள இல்லங்களுக்கும், தையல் வேலை நடைபெறும் தெருக்களுக்கும் இவ்வழியே நூல்கள் செல்லக்கூடும்.

மற்றொரு செய்தி சிறியது, ஆனால் இன்றியமையாதது. தனித்தேர்வருக்கு நூலைக் காட்டிலும் முதலில் தேவைப்படுவது செய்தி. விண்ணப்பிக்கும் நாள் எது, எந்த மையத்தில் விண்ணப்பிப்பது, என்னென்ன சான்றிதழ்கள் வேண்டும் என்பன தெரியாமையாலேயே தேர்வெழுதும் வாய்ப்பை இழப்போர் உளர். பத்தாம் வகுப்பு அறிவியலுக்குச் செய்முறைப் பயிற்சி உண்டு. அதற்குத் தேர்வுக்குப் பல மாதங்களுக்கு முன்னரே பதிவு செய்தாக வேண்டும். இதனை அறியாதவர் பாடம் முழுவதையும் படித்து முடித்தும் தேர்வறைக்குள் நுழைய முடியாமல் போகும். விதிகள் அவ்வப்போது மாறுதலும் உண்டு. ஆதலின் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் அறிவிப்புகளை உடனுக்குடன் தெளிவான தமிழில் எழுதி நூலகப் பலகையில் ஒட்டுதல், நூறு நூல்களை வழங்குதலுக்கு ஒப்பான பணியாகும்.

யார் என்ன செய்யலாம்?

கல்லூரி மாணவர்கள் இப்பணிக்கு மிகவும் ஏற்றவர்கள். நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் சாலை செப்பனிடுதலும் மரக்கன்று நடுதலும் நடைபெறுகின்றன; அவை வேண்டியனவே. அம்முகாமின் ஒரு நாளை ஊர் நூலகத்துக்கு ஒதுக்கினால் தேவைப் பட்டியல் ஒன்றை எளிதில் தொகுத்துவிடலாம். பாடநூல்களை இணையத்திலிருந்து கட்டணமின்றிப் பெறலாம் என்பது மாணவர்க்குத் தெரியும். கைப்பேசியில் நெடுநேரம் படித்தல் எல்லார்க்கும் இயலாது என்பதும் தெரியும். தேவையான பகுதிகளை அச்சிட்டுக் கட்டமைத்துத் தருவது அவர்களால் ஆகக்கூடியது.

ஆசிரியர்கள், கடினமான பாடப்பகுதிகளுக்கு எளிய விளக்கக் குறிப்புகள் எழுதித் தரலாம். ஒரு பாடத்திற்கு நான்கு பக்கம் போதும். தனியே படிப்பவர் எந்த இடத்தில் தடுமாறுவார் என்பது பல ஆண்டுகள் வகுப்பெடுத்த ஆசிரியருக்குத் தெரிந்த அளவு வேறு எவருக்கும் தெரியாது.

சமுதாயப் பெரியோர்கள் செய்யத்தக்கது பொருளுதவி மட்டுமன்று. ஜமாஅத்திலும் ஊர்க் கூட்டத்திலும் அவர்கள் சொல்லும் ஒரு சொல்லுக்கு நூல்களைவிட வலிமை உண்டு. மணமான பெண்ணும் தேர்வெழுதலாம், நூலகத்துக்குச் சென்று வருதல் இழுக்கன்று என்று அவர்கள் வெளிப்படையாகக் கூறினால், பல வீடுகளில் மூடிக் கிடக்கும் நூல்கள் திறக்கப்படும். புரவலர் தொகையைத் தம் பெண்மக்கள் பெயரில் செலுத்துவது இன்னும் சிறப்பு.

முடிவுரை

வீட்டிலிருந்து கற்போருக்கான நூலடுக்கு என்பது பெருங்கட்டடமோ பெருநிதியோ வேண்டும் திட்டமன்று. ஓர் அலமாரி, ஐந்து படிநிலைகள், ஒவ்வொன்றிலும் தேர்ந்தெடுத்த சில நூல்கள், ஓர் அறிவிப்புப் பலகை, நூலைக் கொண்டுசென்று கொடுக்கச் சில இளைஞர்கள் ஆகியனவே இதற்குப் போதும். ஆயினும் அந்நூல்கள் பொருத்தமானவையாகவும் முழுமையானவையாகவும் காலத்துக்கு ஏற்றவையாகவும் இருத்தல் வேண்டும். வகுப்பறை மாணவருக்குத் தவறான நூல் கிடைத்தால் ஒரு நாள் வீணாகும். வீட்டில் தனித்துக் கற்பவருக்குத் தவறான நூல் கிடைத்தால் ஓர் ஆண்டும், சில வேளைகளில் படிக்கும் விருப்பமுமே வீணாகும்.

பள்ளியை இழந்தவர் கல்வியையும் இழக்க வேண்டியதில்லை. தளவாய்புரத்திலும் அதனையொத்த பிற ஊர்களிலும் இதனை மெய்ப்பிக்கும் பொறுப்பு நூலகருக்கு மட்டும் உரியதன்று. நூலக வரி செலுத்தும் நம் அனைவர்க்கும் உரியது. அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் நம் ஊர் நூலகத்துக்குச் சென்று, பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடநூல் அங்கு உள்ளதா, உள்ளதெனில் அது எந்த ஆண்டினது என்று பார்த்து வருவோமாக. பணி அங்கிருந்து தொடங்கட்டும்.